இரண்டு மில்லிமீட்டர்

போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது, தண்டையார்பேட்டையில் நான் கடைசியாக வேலை பார்த்த அச்சகத்தில் சமோசாவும் டீயும் வைத்து வழியனுப்பினார்கள். டிசைன் பிரிவில் இருக்கும் ரேவதி அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, ஒரு வட்டம் போடக்கூட எதுக்கு நம்பர் அடிச்சிகினு இருக்கீங்க? மவுஸப் புடிச்சி இழுத்தா வந்துடப் போவுது." எல்லோரும் சிரித்தார்கள். "பழக்கம்மா" என்று சொல்லி நானும் சிரித்துவைத்தேன். அது பாதி பதில்தான். மீதியைச் சமோசா தட்டோடு நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன். பதினான்கு வருடம் திருவொற்றியூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் இருந்தேன். தொண்ணூற்றேழில் அது மூடப்பட்டது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. என்னோடு வெளியே வந்தவர்கள் வாட்ச்மேன் வேலைக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனார்கள். நான் பெரம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் எனக்குப் பாதி வயது. உருக்குச் சட்டியைப் பிடித்த கைக்கு மவுஸ் அடங்கவில்லை. தமிழ்த் தட்டச்சு மட்டும் முன்பே தெரிந்திருந்ததால் வேலை கிடைத்தது.

வேலை கொடுத்தவர் எஸ்தர் மேடம். ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கீழே கன்டெய்னர் லாரிகள் போகும்போது மேஜை அதிரும்; சாயங்காலத்துக்குள் கீபோர்டில் கரி படிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை எல்லாம் நாங்கள் செய்வதில்லை. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கான எச்சரிக்கைப் பலகைகள், இயந்திரங்களில் ஒட்டும் லேபிள்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடவேண்டும் என்று காட்டும் வரைபடங்கள், இவைதான் எங்கள் பிழைப்பு. இடையில் யாராவது வந்து கேட்டால் தமிழில் மனு அடித்துக் கொடுப்போம்.

மேடம் கடை போடுவதற்கு முன் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியின் வரைபட அறையில், மெல்லிய தாளில் படங்களைப் பிரதியெடுக்கும் டிரேசராக இருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதில் சின்னக் கம்மல், கையில் எப்போதும் ஒரு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திரையையும் பார்க்க மாட்டார். "கண்ணாடிக்குள்ள எல்லாம் நேராத்தான் தெரியும், அடிச்சிக் குடு" என்பார். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்கேலை வைத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் அது என்ன தப்பு என்று நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் திட்டியே இருக்கலாம் என்று தோன்றும்.

முதல் வாரம் ஒரு எச்சரிக்கை முக்கோணம் வரைந்தேன். மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத்தான் இருந்தது. ஸ்கேல் அதன் வலப்பக்கத்தில் படுத்துக்கொண்டது. அளந்தால் அடியை விட ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். பக்கம் நூறு என்றால் உயரம் எண்பத்தாறு புள்ளி ஆறு. அதை எண்ணாக அடித்தால் தவிர வராது. அன்றைக்குத்தான் மவுஸால் இழுப்பதை விட்டேன்.

இன்னொரு தடவை, ஒரு பாய்லரின் பிரஷர் மீட்டருக்கு முகம் வரைந்தேன். முந்நூறு டிகிரி வளைவில் நாற்பத்தைந்து பிரிவுகள். ஒரு பிரிவுக்கு ஆறு புள்ளி ஆறு ஆறு என்று முடியாமல் ஓடுகிற எண் வந்தது. ஆறு புள்ளி ஏழு என்று வைத்துக்கொண்டு, ஒரு கோட்டைப் போட்டு, அதை நகலெடுத்துச் சுற்றி, அந்த நகலை மறுபடி நகலெடுத்துச் சுற்றி, கடைசிவரை போனேன். ஸ்கேல் கடைசிக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. அது ஒன்றரை டிகிரி தள்ளிப் போயிருந்தது.

அன்று மட்டும் மேடம் வாயைத் திறந்தார். "நகலுக்கு நகல் எடுத்தா ஒவ்வொண்ணும் முந்தினதோட தப்ப வாங்கிக்கும் தயாளா. எப்பவும் மொதக் கோட்டுலேந்து சுத்து. பாய்லருகிட்ட நிக்கிறவன் உன்னைய நம்பி நிக்கிறான்."

அவருக்கு இன்னொரு கட்டளையும் இருந்தது. வாடிக்கையாளர் திருத்தம் சொன்னால் பழைய ஃபைலின் மேலேயே சேமிக்கக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத் தனித்தனியாக வைக்க வேண்டும். இடத்தை அடைக்கிறதே என்று நான் முணுமுணுத்திருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் ஸ்கேல் என் தாள்களின் மேல் உட்காருவது நின்றுபோனது. எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. இனிச் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் எண்ணூர் சாலையில் இருந்த ஒரு சரக்கு யார்டிலிருந்து சேஃப்டி ஆபீசர் சுந்தரேசன் வந்தார். எங்களுக்கு அதிக வேலை கொடுத்தது அந்த யார்டுதான். நல்ல மனிதர். படியேறி வந்தால் முதலில் "சாப்டீங்களா தயாளன்" என்றுதான் கேட்பார். அன்று கையில் ஒரு சின்ன நோட்டு. யார்டில் கிரேன் தூக்கிய இரும்புக் குழாய்க் கட்டு அவிழ்ந்து விழுந்து, ஏழுமலை என்ற கலாசி இறந்துபோயிருந்தார். சரக்கைக் கட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளியை யார்டில் கலாசி என்பார்கள். விசாரணை அறிக்கையோடு சேர்க்க, அந்த இடத்தின் படம் வேண்டும்.

விஷயம் இதுதான். அந்தக் கிரேனின் கை பன்னிரண்டு மீட்டருக்கு மேல் எட்டக் கூடாது. அதனால் கிரேனை நடுவில் வைத்துத் தரையில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மஞ்சள் வட்டம் போட்டிருந்தார்கள். கிரேன் வேலை செய்யும்போது ஆட்கள் வட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஏழுமலை வட்டத்துக்குள் நின்றிருந்தால் தப்பு அவருடையது. வெளியே நின்றிருந்தால், கிரேன் எட்டக் கூடாத தூரத்துக்கு எட்டியிருக்கிறது, தப்பு யார்டுடையது.

நோட்டில் சுந்தரேசனின் கையெழுத்தில் அளவுகள் இருந்தன. கிரேனின் நடுவிலிருந்து கோட்டின் வெளிவிளிம்பு வரை பன்னிரண்டு மீட்டர். கிரேனின் நடுவிலிருந்து ஏழுமலை நின்ற இடம் பன்னிரண்டு மீட்டர் நாற்பது. நாற்பது சென்டிமீட்டர் வெளியே.

அறிக்கை ஏ-ஃபோர் தாளில் போவதால், இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினேன். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இருபது சென்டிமீட்டர். தாளின் நடுவைப் பூஜ்யப் புள்ளி ஆக்கினேன். வட்டத்துக்கு அகலம் நூற்றிருபது, உயரம் நூற்றிருபது என்று அடித்து, அதன் மையத்தை அங்கே வைத்தேன். ஏழுமலை நின்ற திசை கிழக்கிலிருந்து வடக்கே முப்பத்தைந்து டிகிரி. கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, கிடையாக ஐம்பது புள்ளி ஏழு ஒன்பது, செங்குத்தாக முப்பத்தைந்து புள்ளி ஐந்து ஆறு என்று அடித்தேன். அங்கே இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வட்டத்தின் கோடு மயிரிழை. பக்கத்தில் இரண்டு அளவுகளையும் எழுதினேன். அச்செடுத்துப் பார்த்தபோது கோட்டுக்கும் புள்ளியின் விளிம்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளை தெளிவாகத் தெரிந்தது. நல்ல படம். இன்றைக்கும் சொல்வேன், நான் வரைந்ததில் அது நல்ல படம்.

மறுநாள் மதியம் சுந்தரேசன் வந்தார். மேடம் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். சுந்தரேசன் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"நீட்டா இருக்கு தயாளன். ஆனா புள்ளி ரொம்ப சின்னதா இருக்கு. ஜெராக்ஸ் எடுத்தா காணாமப் போயிடும். கொஞ்சம் பெருசாக்குங்க."

நியாயம்தான். ஐந்து மில்லிமீட்டர் ஆக்கினேன். இரண்டாவது ஃபைல்.

"இந்தக் கோடும் அப்படித்தான். அங்க தரையில பட்டையாப் போட்டிருக்கோம். இங்க நூல் மாதிரி இருக்கு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆறு பாயின்ட் தடிமன் வைத்தேன். இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். மூன்றாவது ஃபைல். திரையில் புள்ளி இப்போது கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பிறகு அவர், "அந்த அளவெல்லாம் எடுத்துடுங்க. கூட்டமா இருக்கு" என்றார்.

"சார், அளவு இல்லன்னா படம் புரியாதே."

"ரிப்போர்ட்ல எழுத்துல போட்டுடுவோம் தயாளன். படம் படமா இருக்கட்டும்."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வாசிக்கிறவர்களுக்குக் கூட அது பிடிக்கும். ஆனால் எனக்குத் தெரியும். ஐந்து மில்லிமீட்டர் புள்ளி என்றால் தரையில் ஒரு மீட்டர் அகலமுள்ள மனிதன். ஆறு பாயின்ட் கோடு என்றால் தரையில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள கோடு. அப்படி ஒரு மனிதனும் இல்லை, அப்படி ஒரு கோடும் அந்த யார்டில் இல்லை. இத்தனையும் தெரிந்துகொண்டே இரண்டு எண்களையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். யார்டின் வேலை போய்விடுமே என்று பயந்தேனா என்றால், அதுகூட இல்லை. அவர் மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். நான்காவது ஃபைல். ஐந்து பிரதி அடித்துக் கொடுத்தேன். நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மேடத்தைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று இறங்கிப் போனார்.

மேடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "படம் போயிடிச்சா?" என்று கேட்டார். "போயிடிச்சி மேடம்" என்றேன். வலியில் அவர் அச்செடுத்துக் காட்டச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எர்ணாவூர்க்காரி. கையில் பிளாஸ்டிக் ஒயர் பை. மனு அடிக்க வேண்டும் என்றாள். பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து என் மேஜையில் வைத்தாள். மேலாக இருந்தது என் படம்.

அவள் பெயர் தேவகி. ஏழுமலையின் மனைவி.

"யார்டுல செத்துப் போனவங்க வூட்ல ஒர்த்தருக்கு வேல குடுப்பாங்க சார். அவரு பேர்ல தப்பு இல்லன்னா. சட்டப்படி வர்ற பணம் வந்துடிச்சி, அத்தப் பத்தி நான் பேசல. வேல மட்டும் இல்லன்றாங்க. கோட்ட மிதிச்சிகினு நின்னாராம், அவரு தப்பாம். மறுபடி விசாரிக்கச் சொல்லி எழுதணும்."

நான் கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்தேன்.

"பதினோரு வருசமா அதே எடத்துல வேல செஞ்சவரு சார். வூட்லகூட கொழந்த அடுப்பாண்ட போனா கோடு போட்டு வெப்பாரு, இதத் தாண்டக் கூடாதுன்னு. அவரு போயி கோட்ட மிதிப்பாரா?" படத்தை என் பக்கமாகத் திருப்பினாள். "நீங்க படிச்சவங்க. இதுல இன்னா போட்டுக்கீதுன்னு பாத்து சொல்லுங்க. கோட்டு மேலதான் கீறாரா?"

படத்தின்மேல் அவள் விரல். நகங்களுக்குள் இறால் ஓட்டின் வெள்ளை. காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"படத்துல அப்பிடித்தான் தெரியுது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். வேறு யாரிடமோ கேட்டு இதே பதிலை வாங்கியிருக்கிறாள் என்பது தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் மனுவை அடித்தேன். ‘என் கணவர் கோட்டை மிதிக்கக் கூடியவர் அல்ல’ என்ற வரியையும் என் விரல்களே அடித்தன. யூனியன்காரரிடம் காட்டி இரண்டு நாளில் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு மேடத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணும் நாலும் அடி" என்றார்.

முதல் ஃபைலையும் நான்காவது ஃபைலையும் அச்செடுத்துக் கொடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். வெயில் இரண்டையும் ஊடுருவியது. வட்டத்துக்குள் வட்டமும், புள்ளிக்குள் புள்ளியும் சரியாகப் பொருந்தி நின்றன. மையம் மாறவில்லை.

"எதையும் நவுத்தல நீ" என்றார்.

"இல்ல மேடம்."

"நவுத்தி இருந்தாக்கூட புடிச்சிடலாம் தயாளா. அதான் பேஜாரு."

முதல் தாளை மேஜையில் வைத்தார். மயிரிழைக்கும் புள்ளியின் நடுவுக்கும் மேலாக ஸ்டீல் ஸ்கேலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அது நின்றுபோன பிறகு முதல் தடவை. இரண்டு மில்லிமீட்டர். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "இத்த அந்தம்மாகிட்ட குடுத்துடவா? யார்டு வேல போயிடும் மேடம்."

"போவட்டும். கட என்னுது, அத்த நான் பாத்துக்கறேன். ஆனா படத்த மட்டும் குடுத்தா செல்லாது. யாரு போட்டதுன்னு கேப்பாங்க. நீ போய் நிக்கணும். போன்னு நான் சொல்ல மாட்டேன். போவாதன்னும் சொல்ல மாட்டேன்."

தேவகி வந்தபோது முதல் படத்தைக் கொடுத்தேன். "இது மொதல்ல போட்டது. இந்தக் கடையிலதான் அச்சடிச்சது. விசாரணையில நான் வந்து சொல்றேன்." அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அறிக்கையில் இருந்த படத்தைப் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அவள் ஒயர் பையில் தாளை மடங்காமல் வைக்கப் பாடுபட்டதைப் பார்த்தபடி இருந்தேன்.

மறுவிசாரணை யார்டின் அலுவலகத்திலேயே நடந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை விசாரிக்கப் போட்டிருந்தார்கள். நீள மேஜை. ஒரு பக்கம் சுந்தரேசனும் யார்டின் வக்கீலும். இந்தப் பக்கம் யூனியன்காரர், தேவகி, நான். சுந்தரேசன் என்னைப் பார்த்து, பழக்கதோஷத்தில் பாதி புன்னகைத்து, நிறுத்திக்கொண்டார். அவருடைய நோட்டைக் கேட்டார்கள். மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்றார். முதல் படத்தில் இருந்த அளவு அவசரத்தில் எடுத்தது, உறுதியானது இல்லை என்றார். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு வக்கீல் என்னிடம் வந்தார். அவரும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்த ரெண்டு படத்தையும் வரைஞ்சது யாரு?"

"நான்தான் சார்."

பக்கத்தில் தேவகி அசைந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சம்பவ இடத்துக்கு நீங்க போனீங்களா?"

"இல்லை."

"உங்க கையால எதையாவது அளந்தீங்களா?"

"இல்லை. சார் நோட்டுல இருந்த அளவு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. முதல் படத்துக்கும் ரெண்டாவது படத்துக்கும் நடுவுல வட்டத்தோட மையத்த மாத்தினீங்களா?"

"இல்லை."

"வட்டத்தோட அளவ மாத்தினீங்களா?"

"இல்லை. ஆனா கோடு..."

"ஆள் நின்ன இடத்த நகர்த்தினீங்களா?"

"நகர்த்தல."

"அப்ப ரெண்டு படமும் ஒண்ணுதான்."

கோட்டின் தடிமன் என்றால் என்ன, இருநூறில் ஒரு பங்கில் அது தரையில் எவ்வளவு ஆகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். எழுந்து நின்று, கையால் காற்றில் காட்டிக்கூடச் சொன்னேன். விசாரித்த அதிகாரி கடைசிவரை கேட்டார். அதற்கு அவரை நான் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டு, "படம் அழகா தெரியறதுக்காகச் செய்த மாற்றங்கள். அப்படித்தானே?" என்றார்.

"இல்ல சார்."

"பின்ன எதுக்குச் செஞ்சீங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. செய்யச் சொன்னார்கள், அதனால் செய்தேன் என்றேன். ஏன் செய்யச் சொன்னார்கள் என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரிந்தும் ஏன் செய்தீர்கள் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தெரிந்தே ஒரு தடவை படத்தைக் கெடுத்தவன், இன்னொரு படம்தான் சரி என்று சொன்னால் யார் நம்புவது? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. முந்தைய விசாரணையின் முடிவில் மாற்றமில்லை. இறந்தவர் பாதுகாப்புக் கோட்டின் மேல் நின்றிருந்தார்.

முடிவை வாங்கிக்கொள்ள தேவகியைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன், உள்ளே விடவில்லை. யார்டு கேட்டுக்கு வெளியே, மணல் லாரிகள் போகிற புழுதியில் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"நீதான் போட்டியா அந்தக் கோட்ட?" சார் போய் நீ ஆகியிருந்தது.

"ஆமாம்மா."

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்பவும் தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

அவள் சாலையைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து முதல் படத்தை எடுத்தாள். ஓரம் கசங்கியிருந்தது.

"மெய்யாலுமே எவ்ளோ தூரம் இது? தரையில?"

"நாப்பது சென்டி."

"சென்டி எல்லாம் எனுக்குத் தெரியாது. காட்டு."

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவள் அதை நம்பவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சிமென்ட் மேடையில் தன் முழங்கையை ஊன்றி, கையை நீட்டி வைத்தாள். "இம்மாம் இருக்குமா?"

நான் குனிந்து பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. "அந்த விரலோட பாதி வரைக்கும்."

விரலின் நடுவில் அவள் மற்றொரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து இருந்தாள். ஒரு மனிதன் இரண்டு காலையும் வைத்து நிற்பதற்கு அந்த இடம் போதும்.

நிமிர்ந்தவள் படத்தை மேடையில் விரித்தாள். "எம் பொண்ணு எட்டாவது படிக்குது. அப்பா கோட்ட மிதிச்சாரான்னு கேட்டுகினே கீது. ரிப்போட்டுல அஞ்சு பேரு கையெழுத்து கீது. படம் போட்ட உன் கையெழுத்து மட்டும் இல்ல. இதுல எழுதிக் குடு."

"இது செல்லாதும்மா. அவங்கதான் தள்ளிட்டாங்களே."

"அவங்களுக்கு இல்ல. எம் பொண்ணுக்கு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். புள்ளிக்குப் பக்கத்தில், அச்சில் இருந்த அளவுக்குக் கீழே, ஒரு நாள் நான் அழித்த அதே எண்ணை, ‘12 மீட்டர் 40. கோட்டுக்கு வெளியே’ என்று எழுதினேன். சிமென்டின் சொரசொரப்பில் எழுத்து கோணியது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"பேரும் எழுது. யாருன்னு தெரியணும்."

தயாளன் என்று எழுதினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, காய்வதற்காகத் தாளை இரண்டு தடவை காற்றில் அசைத்தாள். பிறகு மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, எர்ணாவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள்.